இருக்கேன் என்று ஒரு பின்னூட்டம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. மின்னஞ்சலில் வந்து விழுந்தது. அனுப்பியவள் பெயர் சுகுணா. அந்தமானில், மாயாபந்தர் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். கப்பல் டிக்கெட் போட்டுத் தருவது, விண்ணப்பம் அடித்துத் தருவது, ஜெராக்ஸ், லேமினேஷன். நான் அவளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் வலைப்பூவை ஆரம்பத்திலிருந்து விடாமல் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். அதனால் என்னை அதட்டுகிற உரிமை அவளுக்கு உண்டு.

என் வலைப்பூவின் பெயர் 'அரைகுறை'. தன்னடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளதைத்தான் வைத்திருக்கிறேன். கதையைத் தடபுடலாக ஆரம்பிப்பேன். நடுவில் எங்கேயோ எனக்கே சலித்துப்போகும். கீழே "விரைவில் தொடர்கிறேன்" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். அப்படிக் கிடப்பில் போட்ட கதைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. சுகுணா ஒவ்வொன்றுக்கும் வந்து ஒரே பின்னூட்டத்தைப் போடுவாள்: "படிச்சேன் அண்ணா. இருக்கேன். முடிவு எங்கே?"

அவள் அனுப்பிய மடல் நீளமானது. அதன் கடைசிப் பத்தி மட்டும் இங்கே:

"இதக் கதையா எழுதுங்க அண்ணா. ஆனா இதையாச்சும் முடிச்சிருங்க. இன்னொண்ணு, எங்க ஊருன்னதும் முதலை, ஜெயிலுன்னு போட்டுறாதீங்க. எங்க கடைக்குப் பின்னாடி முதலையெல்லாம் இல்ல."

சரி, உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: மாயாபந்தரில் மழை பெய்துகொண்டிருந்தது. கழிமுகத்துச் சேற்றில் ஒரு முதலை

(அடித்துவிட்டேன். கை தன் புத்தியைக் காட்டிவிட்டது.)

இரண்டாம் தொடக்கம்: ஒரு மனிதர் எத்தனை வலைப்பூக்களைப் பின்தொடர முடியும்? மனத்தின் கொள்ளளவைப் பற்றி ஆராய்ந்தவர்கள்

(இதுவும் வேண்டாம். 'ஆராய்ந்தவர்கள்' என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

மூன்றாம் தொடக்கம்: சுகுணா பதினொரு பேரைப் பின்தொடர்ந்தாள்.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

சுகுணா பதினொரு பேரைப் பின்தொடர்ந்தாள். அது அவளாகப் போட்ட கணக்கு இல்லை, நெட் போட்ட கணக்கு. அந்தக் காலத்தில் தீவுக்கு நெட் செயற்கைக்கோள் வழியாகத்தான் வரும். மேகம் திரண்டால் அதுவும் வராது. இருக்கிற ஒரு இழையை ஊரே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அங்கே பொழுது சீக்கிரம் விடியும். ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும், ஆபீஸ்கள் திறக்க இன்னும் வெகுநேரம் கிடக்கும். அந்த இடைவெளியில் கடையைத் திறந்து, பதினொரு பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிவிட்டு, வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவாள். திரும்பி வந்தால் எழுத்து மட்டும் வந்திருக்கும். படங்கள் வராது, அந்த இடத்தில் வெறும் கட்டம் இருக்கும். அதற்குள் முதல் ஆள் "நெட் ஹை க்யா?" என்று, நெட் இருக்கிறதா என இந்தியில் கேட்டபடி தலையை நீட்டிவிடுவான். லைனை அவனுக்கு விட்டுவிட்டு, வந்து சேர்ந்த பக்கங்களை அவள் டிக்கெட் வேலைக்கு நடுவே நாள் முழுக்கப் படிப்பாள். பின்னூட்டத்தை அப்போதே அடித்து வைத்துக்கொண்டு மறுநாள் விடிந்ததும் அனுப்புவாள்.

அதனால் சுகுணாவின் பின்னூட்டம் எல்லா இடத்திலும் ஒரு நாள் தாமதமாகவே வரும். யாருக்காவது குழந்தை பிறந்தால் எல்லாரும் வாழ்த்தி ஓய்ந்த பிறகு இவள் வருவாள். யாருடைய அப்பாவாவது இறந்தால் எல்லாரும் ஆறுதல் சொல்லிப் போன பிறகு இவள் வருவாள். "நீ ஒருத்திதான்மா மறுநாளும் கேட்டாய்" என்று ஒருவர் அவளுக்கு எழுதியிருக்கிறார்.

* படம் வராததால் அந்தப் பதினொரு பேரில் ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்க்காமல் இத்தனை வருஷம் படித்தது அவள் அதிர்ஷ்டம்.

பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது. நெட் மாயாபந்தருக்கும் வேகமாக வந்து சேர்ந்தது. சுகுணாவுக்குக் கை நிற்கவில்லை. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் பெயரைப் பார்ப்பாள், அங்கே போவாள், அவரையும் சேர்த்துக்கொள்வாள். இருநூறைத் தாண்டிவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த இருநூறு பேருக்கும் தினமும் போய் "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை போட்டே தீர வேண்டும் அவளுக்கு. சோறு ஆறிப்போகும். வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார்.

அவள் புருஷன் ஈஸ்வரன், ராமநாதபுரத்துக் குடும்பம், அதே தெருவில் ஹார்டுவேர் கடை. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"ஏ சுகு, பந்தி விசாரிக்கிற மாதிரி வரிசையா எல்லாருக்கும் ஒரு கரண்டி ஊத்திக்கிட்டே போறியே, யாராச்சும் கேட்டாங்களா ஒன்னைய?"

"கேக்கலங்க. நான் போகலன்னா யாரு போவா?"

"அரே, நீ போகலன்னா செத்தா போயிருவாய்ங்க?"

அவள் பதில் சொல்லவில்லை. (இது நான் ஜோடித்த வசனம் இல்லை. அவள் மடலில் அப்படியே இருக்கிறது. "அதுக்கு நான் பதில் சொல்லல அண்ணா" என்பது உட்பட.)

கடையின் பின்ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. கூரைக்கு மேல் கட்டிய தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்கும். கடல் வற்றி இறங்கினால் சேறு நாறும். சுவரில் போன வருஷத்துக் காலண்டர், டிசம்பர் மாசம், எடுக்க மனசில்லை. மூன்று மணிக்கே வெயில் சாய்ந்துவிடும், ஐந்துக்கு விளக்கு வேண்டும். விளக்கைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடியில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அவளும் தட்டிக்கொண்டே இருப்பாள். முதலை இல்லை.

3

இந்த இடத்தில் நான் சுகுணாவைச் சந்தேகப்பட்டேன். நல்ல படிப்பு, சொந்தக் கடை, எல்லாரிடமும் நாலு மொழியில் பேசுகிற சாமர்த்தியம். இப்படிப்பட்டவள் முகம் தெரியாத இருநூறு பேருக்கு வருகை சொல்லிக்கொண்டு திரிவாளா? படிக்கிறவர் நம்பமாட்டார் என்று அவளுக்கே எழுதிக் கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் இந்தப் பகுதி.

சுகுணா பிறந்தது அந்தமானுக்குத் தெற்கே, கச்சால் தீவில். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அப்பா நாகலிங்கம், அம்மா ராசம்மா. சுனாமி வந்தபோது அவள் பள்ளிக்கூடத்துச் சிறுமி. அம்மாவும் அவளும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். கப்பலில் ஏற்றிப் போர்ட் பிளேயர் முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

முகாமில் சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் ஆஜர் என்பதை இந்தியில் "ஹாஜிர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாத பெயர் சில நாளில் தானாக நின்றுபோகும். முதல் சாயங்காலம் "நாகலிங்கம்" என்று கூப்பிட்டபோது ராசம்மா எழுந்து நின்றாள்.

"இருக்காரு!"

கூப்பிட்டவர் நிமிர்ந்து பார்த்தார். "கிதர் ஹை? எங்கே?"

"இருக்காருங்கய்யா. வந்துருவாரு."

அவர் என்ன நினைத்தாரோ, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் அதே. காய்ச்சலில் படுத்த நாளில்கூட ராசம்மா மகளை எழுப்பிவிட்டு "நீ சொல்லுடி" என்றாள். சிறுமி எழுந்து நின்று கத்தினாள்: "இருக்காரு!"

பக்கத்தில் படுத்திருந்த ஒரு அம்மாளுடைய மகன் பெயரும் தினமும் வரும். அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிடுவாள். ஒரு நாள் அந்தப் பெயர் வரவில்லை. அந்தப் பையனும் வரவே இல்லை. நாகலிங்கம் வந்தார். வேறொரு தீவின் முகாமில் கிடந்தவர், தாடியும் அழுக்குமாகக் கப்பலிலிருந்து இறங்கி வந்து நின்றார். "எம் பேரக் கூப்புட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

குரல் கொடுத்தால் ஆள் வரும், கொடுக்காவிட்டால் வராது. சிறுமி மனதில் அது அப்படியே உறைந்துபோனது.

(அது தற்செயல்தான் அம்மா, என்று எழுதினேன். "தெரியும் அண்ணா. ஆனா வந்தாருல்ல?" என்று பதில் எழுதினாள்.)

4

பதினொரு பேரில் மூத்தவர் ஷோபனா. தென்காசிக்காரி. அவருடைய வலைப்பூவின் பெயர் 'கொடிக்கயிறு'. துணி காயப்போடுவது, சாம்பாருக்கு வறுப்பது, மழை வரும்போது மாடிக்கு ஓடுவது, இதையெல்லாம்தான் எழுதுவார். எழுதுகிற கை அப்படி. படித்து முடித்ததும் நம் வீட்டுக் கொடியையும் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரத் தோன்றும்.

சுகுணாவுக்குக் கல்யாணமான மறு வருஷம் வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கடையைத் திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். அந்த நாட்களில் ஷோபனா தினமும் அவள் போனுக்கு ஒரே ஒரு வரி அனுப்புவார். "சுகு, வெயில் நல்லா அடிக்கி. எந்திச்சியா?" அறிவுரை இல்லை, ஆறுதல் இல்லை. எந்திச்சியா, அவ்வளவுதான். ஒரு நாள் சுகுணா "எந்திச்சிட்டேன் அக்கா" என்று பதில் போட்டுவிட்டு, பொய்யாகிவிடக் கூடாதே என்று எழுந்து உட்கார்ந்தாள். அப்படித்தான் பிழைத்தாள். அவள் என்னிடம் அழுதது அந்த ஒரு பத்தியில் மட்டும்தான். எழுத்தில் அழுவது எனக்குத் தெரியும்.

ஒரு சமயம் ஷோபனாவின் பக்கம் ஏதோ கோளாறாகி எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. "பாஸ்வேர்டு அனுப்புதேன், நீயே பாத்துரு" என்றார். சுகுணா சரிசெய்து கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். "கெடக்கட்டும் சுகு. வீட்டுச் சாவி ஒண்ணு பக்கத்து வீட்டுல கெடந்தா நல்லதுதானே" என்றார் ஷோபனா.

போன வருஷம் ஷோபனா ஒரு சிறு பதிவு போட்டார். ஒரு வேலையாக வெளியூர் போகிறேன், விரைவில் தொடர்கிறேன். அதோடு சரி. போன் அணைத்துக் கிடந்தது. அனுப்பிய வரிகள் போய்ச் சேரவில்லை.

இதே சமயத்தில்தான் ஈஸ்வரன் ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டான், ஒன்று கடை, இல்லை இந்த இருநூறு பேர் என்று. சுகுணா குறைக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாள். பாதிக்கு மேல் எப்போதோ நின்றுபோனவை. அவள்தான் கவனிக்காமல் பழைய பதிவுகளின் கீழே போய்ப் போய் "இருக்கேன்" என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாவற்றிலும் கடைசிப் பதிவின் கடைசி வரியைப் பார்த்தாள். விரைவில் தொடர்கிறேன். அடுத்ததில், விரைவில் தொடர்வேன். அடுத்ததில், சிறு இடைவெளிக்குப் பின் தொடரும். வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆட்கள், ஒரே வரி.

* அந்த வரியை நான் எத்தனை முறை போட்டிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒவ்வொருவராக நீக்கினாள். நீக்கும்போது பெயரை வாய்விட்டு ஒரு தரம் சொன்னாள். ஷோபனாவின் பெயர் வந்ததும் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"மெயின்லேண்டுக்குச் சரக்கெடுக்கப் போறேன்ல. தென்காசிக்கு ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றான் ஈஸ்வரன். "முன்னாடி பலகாரம் அனுப்புனாங்களே, அந்த அட்ரஸ் இருக்குல்ல?"

"போகாதீங்க."

"ஏன் புள்ள?"

"நீங்க போயிப் பாத்துட்டீங்கன்னா…"

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நான் இல்லை, அவள்.)

5

அன்று சாயங்காலம் சுகுணா பக்கத்து வீட்டுச் சாவியை எடுத்தாள். 'கொடிக்கயிறு'க்குள் போய், ஷோபனாவின் பெயரில் மூன்று வரி எழுதினாள்: "வந்துவிட்டேன். கொடியில் துணி காய்ந்து விறைத்துப்போய்க் கிடக்கிறது. மடிக்கத்தான் ஆள் இல்லை."

தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அம்மா எழுந்து நின்று சொன்னாளே, அதே காரியம்தான். பெயரைக் கூப்பிடுகிறார்கள், ஆள் இல்லை, வரும்வரை யாராவது குரல் கொடுக்க வேண்டும். வேறு எந்த ஊர்க்காரியும் இதை ஏமாற்று என்று நினைத்துத் தயங்கியிருப்பாள். சுகுணா நிம்மதியாக எழுந்து போய் உலை வைத்தாள்.

மறுநாள் அங்கங்கேயிருந்து ஆட்கள் வந்து சந்தோஷப்பட்டிருந்தார்கள். சுகுணாவும் தன் பெயரில் போய் "வந்துட்டீங்களா அக்கா, இருக்கேன்" என்று போட்டாள். பிறகு ஷோபனாவாக உள்ளே போய் "வந்துட்டேன் சுகு" என்று பதில் போட்டாள். பதிலைப் படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதியிருக்கிறாள். தான் போட்ட பதில்தான் என்று தெரிந்தும் வந்ததாம்.

வாரம் ஒரு பதிவு என்று போய்க்கொண்டிருந்தது. ஷோபனாவின் எழுத்து அவள் கைக்கு நன்றாகவே பழகிவிட்டது. ஒரு நாள் புதிதாக எழுத உள்ளே போனால், வரைவுகளில் ஏற்கனவே ஒன்று இருந்தது. அவள் எழுதாதது.

"இன்று துணி காயவில்லை. தார்ப்பாய் அடித்துக்கொண்டே இருந்தது. சேறு நாறியது. கப்பல் ஹாரன் கேட்டது. டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். சுகு, எந்திச்சியா?"

தென்காசியில் ஏது கப்பல் ஹாரன்? 'எந்திச்சியா' என்ற அந்தக் கேள்வி அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது. சுகுணா எழுந்து போய் ஈஸ்வரனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"நீயே எழுதிட்டு நீயே மறந்திருப்ப புள்ள. தார்ப்பாய், சேறு, எல்லாம் நம்ம கடதானே?"

"நான் எழுதலங்க."

"அப்ப பாஸ்வேர்ட மாத்து. சலோ, இப்பவே மாத்து."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "ஆளு உள்ள இருக்கயில யாராச்சும் வெளியில பூட்டுவாங்களா?"

ஈஸ்வரன் ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் கடைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் பொழுது சாய்ந்த பிறகு கம்ப்யூட்டர் சென்டருக்குள் வருவதில்லை. வாசலில் நின்றே கூப்பிடுகிறானாம்.

(புத்தியுள்ள விளக்கம்: ஷோபனா உயிரோடு இருக்கிறார், பேசப் பிடிக்காமல் இருக்கிறார், தன் பக்கத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டு இவளைச் சீண்டுகிறார். கடையைப் பற்றி இவளே என்றோ அவரிடம் சொல்லியிருப்பாள். இதை அப்படியே சுகுணாவுக்கு எழுதினேன். "அப்படின்னா ரொம்ப சந்தோஷம் அண்ணா" என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு வரியும் இருந்தது: "ஒரு வாரமா நான் கமெண்ட் போட்டா, நான் உள்ள போயி பதில் எழுதுறதுக்கு முன்னாடியே பதில் வந்துருது.")

6

அதுதான் அவளிடமிருந்து வந்த கடைசி மடல்.

அதன் பிறகு 'அரைகுறை'யில் ஒரு பதிவு போட்டேன். ஒரு நாள் தாமதமாகத்தானே வருவாள், காத்திருந்தேன். வரவில்லை. இன்னொன்று போட்டேன். அதற்கும் வரவில்லை. புயல் சின்னமாக இருக்கும், நெட் படுத்திருக்கும், கடையில் கூட்டமாக இருக்கும். எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். பின்னூட்டம் இல்லாத பதிவைப் பார்க்கிற வேதனை எழுதுகிறவர்களுக்குத் தெரியும். இது அது இல்லை. வீட்டில் எப்போதும் ஓடுகிற ஃபேன் நின்றுபோனால் தூக்கம் கலையுமே, அந்த மாதிரி எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அவள் கடையின் போன் எண் மடலின் அடியில் இருக்கிறது. அழைக்கவில்லை. எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். ஏன் என்று நான்காம் பகுதியைப் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிவு எங்கே என்று கேட்ட தீவுக்காரியிடமே முடிவைக் கேட்க மிரள்கிற ஆளாக நான் ஆகிவிட்டேன்.

அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? சுகுணா என்ற பெயரைக் கொடுத்து, என் பதிவின் கீழே நானே அடித்தேன்: "படிச்சேன் அண்ணா. இருக்கேன். முடிவு எங்கே?"

சிரிக்காதீர்கள். எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

சரியாக ஒரு நாள் கழித்து, அதன் கீழே இன்னொரு பின்னூட்டம் வந்திருந்தது. சுகுணா என்ற பெயரில்தான். "படிச்சேன் அண்ணா. இருக்கேன்." அவ்வளவுதான். முடிவு எங்கே என்ற கேள்வி அதில் இல்லை.

முதலில் துள்ளிக் குதித்தேன். வந்துவிட்டாள்! பிறகு அந்தக் கேள்வி ஏன் இல்லை என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் துள்ளல் போய்விட்டது. முடிவு தெரிந்தவர்கள்தானே கேட்பதை நிறுத்துவார்கள்?

இதைவிட மோசமான ஒன்றை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். இந்தக் கதையின் இரண்டாம் பகுதியில் ஒரு பத்தி இருக்கிறது. "கடையின் பின்ஜன்னலைத் திறந்தால்" என்று ஆரம்பிக்கும். தார்ப்பாயும் சேறும் சுகுணாவின் மடலில் உண்டு. ஆனால் அந்தக் காலண்டர், டிசம்பர் மாசம், கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தி, இதெல்லாம் எங்கிருந்து வந்தது? மடலைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், அதில் இல்லை. நான் எழுதிய நினைவும் இல்லை. "முதலை இல்லை" என்று என் கதைக்குள் எனக்கே யார் சொல்கிறார்கள்?

நானே எழுதிவிட்டு நானே மறந்திருப்பேன். ஈஸ்வரன் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்வான். அந்தப் பத்தியை நீக்கப் போனேன். கை போகவில்லை. ஆள் உள்ளே இருக்கையில் பூட்டக் கூடாது. அது அங்கேயே இருக்கட்டும், நீங்கள் வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

7

முடிவு வேண்டும். கேட்டவள் கேட்பதை நிறுத்திவிட்டாலும் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

முதல் முடிவு: ஈஸ்வரன் மனைவி சொல்லைக் கேட்காமல் தென்காசிக்குப் போகிறான். முகவரி சரியாக இருக்கிறது. மாடியில் கொடி தெரிகிறது, கொடியில் துணி கிடக்கிறது. அழைப்புமணியை அடிக்கிறான். செருப்புச் சத்தம் கேட்கிறது. தாழ்ப்பாள் நகர்கிறது. கதவைத் திறந்தது

(தெரியவில்லை. என்ன முகத்தை வைப்பது? சுகுணாவே அந்த முகத்தைப் பார்த்ததில்லையே.)

இரண்டாம் முடிவு: மாயாபந்தர் ஜெட்டியில் கப்பல் வந்து நிற்கிறது. பெட்டியோடு ஒரு அம்மா இறங்கி, வழி கேட்டுக் கேட்டுக் கடைத்தெருவுக்கு வந்து, கம்ப்யூட்டர் சென்டரின் வாசலில் நின்று, "சுகு, எந்திச்சியா?" என்கிறார். உள்ளே நாற்காலி ஓசைப்படுகிறது.

(இதைப் பாதிவரைக்கும் சந்தோஷமாகத்தான் எழுதினேன். உள்ளே யார் எழுந்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் பயம் வந்துவிட்டது. பட்டப்பகல்தான், இருந்தும் பயம் வந்துவிட்டது.)

மூன்றாம் முடிவு: நான் போன் செய்கிறேன். மணி அடிக்கிறது. எடுக்கிறார்கள். தார்ப்பாய் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. "சுகுணாவாம்மா? நான் அண்ணன் பேசுறேன்" என்கிறேன். அந்தப் பக்கத்தில்

(வேண்டாம்.)

இந்த இடத்தில்தான் வழக்கமாக அந்த வரியைப் போட்டுவிட்டு எழுந்து போவேன். இரண்டே சொல். விரல்கள் தாமாக அங்கே போகின்றன. இப்போது சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரியை இந்தக் கதையின் கீழே போடமாட்டேன். அதைப் போட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அது தற்செயல்தான், தெரியும். ஆனாலும் போடமாட்டேன்.

நீங்கள் எத்தனை பேரைப் பின்தொடர்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அதில் எத்தனை பேர் எப்போதோ நின்றுபோனவர்கள் என்றும் கேட்கமாட்டேன். எனக்கு ஒரே ஓர் உதவி வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டகை, பாய்கள், சோற்று வாசனை. ஒருவர் பெயர் கூப்பிடப் போகிறார். எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

"ஷோபனா."

சுகுணா சொல்ல வேண்டியது. அவள் இடத்தில் நான் எழுந்து நிற்கிறேன். "இருக்காங்க!"

"சுகுணா."

"இருக்கா. வந்துருவா."

கூப்பிடுகிறவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். எங்கே என்று கேட்கவில்லை. அடுத்த பெயருக்குப் போகிறார். அது என்னுடையது. நான் இங்கேதான் இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, காபி ஆறிக்கொண்டிருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். ஆனால் இதை எழுதியது நான்தான் என்பதற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? இங்கிருந்து நான் என்ன கத்தினாலும் உங்களுக்கு எழுத்தாகத்தான் வரும். அதை யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். அதனால் இந்த ஒரு பெயருக்கு மட்டும் நீங்கள் வாய்திறக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

"திருநாவுக்கரசு."